பூரணம் எட்டிப் பார்த்த கொழுக்கட்டை

மேற்கு மலையில் ஒரு சோலைக்காடு. அந்தக் காட்டில் சிங்காரி என்று ஒரு சோலைமந்தி. கருகருவென்று உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். அந்தக் குஞ்சத்தை அவள் தரையில் படவிட்டதே கிடையாது. "தூசி ஒட்டிக்கும்" என்பாள்.

சிங்காரிக்கு இரண்டு பேச்சு மிகவும் பிடிக்கும். ஒன்று, "எனக்குத் தெரியும்." இன்னொன்று, "இது என் யோசனை." யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் முதலாவதைச் சொல்லுவாள். யார் எதைச் செய்து முடித்தாலும் இரண்டாவதைச் சொல்லுவாள்.

மற்றபடி நல்லவள்தான். கலகலப்பானவள். கொடியில் ஊஞ்சல் கட்டி ஊர்க் குட்டிகளையெல்லாம் ஆட்டிவிடுவாள். அவள் இல்லாத விசேஷம் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கும் என்று எல்லோருமே ஒத்துக்கொள்வார்கள்.

அந்தக் காட்டுக்கென்று ஒரு பெருநாள் உண்டு. கோடையெல்லாம் வெறும் கூழாங்கல்லாய்க் கிடக்கும் ஓடையில் மழைத்தண்ணீர் இறங்கும். ஓடைக்கு நடுவே யானை உட்கார்ந்தது போல ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் அந்த யானைப்பாறையின் முட்டியைத் தொடும் நாள்தான் ஓடைப் பெருநாள். அன்று வீட்டுக்கு வீடு தோரணம், வாசலுக்கு வாசல் கோலம், கைக்குக் கை பலகாரம்.

காட்டில் யார் வீட்டிலும் அடுப்பு கிடையாது. நெருப்பென்றால் எல்லோருக்கும் பயம். ஆனால் சித்திரை வெயிலில் பாறை கொதிக்குமே, அதுதான் அவர்களுக்கு அடுப்பு. மாவைப் பிசைந்து இலையில் பொதிந்து உச்சி வேளையில் பாறைமேல் வைத்தால், பொழுது சாய்வதற்குள் வெந்துவிடும். அப்படிக் கோடையிலேயே சுட்டு, மரப்பொந்தில் பத்திரப்படுத்தி, பெருநாளன்று வெளியே எடுப்பார்கள்.

அதில் ஒரு பலகாரம் மட்டும் பொது. தண்ணீர் முட்டியைத் தொட்டதும் எல்லோரும் முதலில் வாயில் போடுவது அதைத்தான். அதற்கு முதல் பலகாரம் என்று பெயர். வருடத்துக்கு ஒரு வீட்டார் அதைச் செய்வார்கள்.

இந்த வருடம் காட்டில் மூங்கில் பூத்தது.

மூங்கில் பூப்பதை ஒரு குரங்கு தன் ஆயுளில் ஒரு தடவை பார்த்துவிட்டாலே பெரிய விஷயம். பூத்து, நெல் நெல்லாய் உதிர்த்து, பிறகு அந்தப் புதரே காய்ந்து போகும். மறுபடி விதை முளைத்து, வளர்ந்து, பூப்பதற்குள் குட்டியின் குட்டிக்கும் வயதாகிவிடும். ஆகவே காடே குனிந்து பொறுக்கியது. பொட்டம்மா என்ற சருகுமான் குளம்பு வலிக்க வலிக்கப் பொறுக்கினாள். சுருளன் என்ற அளுங்கு, அதுதான் உடம்பெல்லாம் ஓடு போலச் செதில் போர்த்திய எறும்புதின்னி, தன் நீள நாக்கில் ஒட்டி ஒட்டி எடுத்தான். கொம்பையா என்ற இருவாச்சிப் பறவை பெரிய அலகில் அள்ளி வந்து கொட்டினார். எல்லாம் சேர்ந்து ஒரு சுரைக்குடுக்கை அரிசி தேறியது.

"முதல் பலகாரம் இந்த அரிசியிலதான். இந்த வருஷம் யார் செய்யறது?" என்று கேட்டார் கொம்பையா.

"இதென்ன கேள்வி மாமா? நான்தான்" என்றாள் சிங்காரி. குடுக்கை அதற்குள் அவள் இடுப்பில் இருந்தது.

சுருளன் மெதுவாகச் சொன்னான். "தாயி, இந்த அரிசி கெட்டுப்போச்சுன்னா நம்ம ஆயுசுல மறுபடி கிடைக்காது. வெயில் இருக்கறப்பவே சுட்டு வெச்சுரு."

"எனக்குத் தெரியும்ண்ணே."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தோரணம் என்று ஒன்று இருக்கிறதே! முதல் பலகாரம் செய்பவள் வீட்டு வாசல்தான் காட்டிலேயே அழகான வாசலாக இருக்க வேண்டாமா? சிங்காரி முதலில் தோரணத்தை முடித்துவிட நினைத்தாள்.

முதல் நாள், மரத்தின் மேலிருந்து பொட்டம்மா வீட்டை எட்டிப் பார்த்தாள். பொட்டம்மா உதிர்ந்த இலைகளை ஈரமண்ணில் புதைத்து வைத்து, நரம்பு மட்டும் மிஞ்சியதும் எடுத்துக் கழுவி, சல்லடைபோல மின்னும் அந்த இலைகளுக்கு நடுநடுவே குன்றிமணி கோத்துக்கொண்டிருந்தாள். சிங்காரி வீட்டுக்கு ஓடினாள். அதே தோரணத்தை அதைவிட நீளமாகக் கட்டினாள்.

அது முடிந்ததும் சுருளன் வீட்டை எட்டிப் பார்த்தாள். சுருளன் வாசலில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, தன் வாலை அதில் அமுக்கி அமுக்கி எடுத்தான். செதில் பதிந்த இடமெல்லாம் தாமரை இதழ் இதழாகக் கோலம். சிங்காரிக்குச் செதில் ஏது? பலாத்தோலை எடுத்து அமுக்கினாள். கோலம் கொஞ்சம் சொரசொரவென்று வந்தது. ஆனால் பெரிதாக வந்தது.

பிறகு கொம்பையா வீடு. அவர் காலி நத்தை ஓடுகளைக் கொடியில் கட்டிக் காற்றில் ஆடவிட்டிருந்தார். கிணுகிணுவென்று சத்தம். சிங்காரி ஓடை முழுக்க அலைந்து அவரைவிட இரண்டு மடங்கு ஓடு சேர்த்தாள்.

"அடடா, என்ன அழகு!" என்று குட்டிகள் வாய்பிளந்தன.

"எல்லாம் என் யோசனை" என்றாள் சிங்காரி. அதோடு விட்டாளா? பொட்டம்மாவைப் பார்த்து, "ஏண்டி, நீயும் என்னை மாதிரியே கட்டியிருக்கியே, பரவாயில்லை" என்று பெரிய மனசு வேறு பண்ணினாள். பொட்டம்மா பாவம், அடக்கமானவள். கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஒருநாள் காலையில் சிங்காரி கண் விழித்தபோது வெயிலைக் காணோம். மலை மேல் மேகம் படுத்திருந்தது. மத்தியானம் முதல் தூறல் விழுந்தது. சாயங்காலம் மழை கொட்டியது, அடுத்த நாளும் விடவில்லை. பாறைகளெல்லாம் சில்லென்று நனைந்து போயின. குடுக்கையில் அரிசி அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவளுக்குச் சுருளன் சொன்னது ஞாபகம் வந்தது.

அவசர அவசரமாக அரிசியை இடித்தாள். தேன் விட்டாள், பலாச்சுளையைக் கிள்ளிப் போட்டாள், ஏலக்காயைத் தட்டிப் போட்டாள். பிசைந்து அடை தட்டிக் காட்டுமஞ்சள் இலையில் பொதிந்தாள். வாசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேக வைப்பது எங்கே? பாறைமேல் வைத்தால் மழை கரைத்துவிடும். ஒரு பொதியை இடுப்பில் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்துப் பார்த்தாள். மாவு வேகவில்லை. இடுப்புதான் பிசுபிசுத்தது.

யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டுமென்றால் 'எனக்குத் தெரியவில்லை' என்று தொடங்க வேண்டுமே! அந்த வார்த்தை சிங்காரியின் தொண்டைக்கு மேல் வந்ததே இல்லை. பொதிகளைக் கொடிக்கூடையில் போட்டுக்கொண்டு, காய்ந்த சூடான இடம் எங்காவது அகப்படுமா என்று தேடிக் கிளம்பினாள். மறுநாள் தண்ணீர் முட்டியைத் தொட்டுவிடும் என்று கொம்பையா அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

வழியில் பொட்டம்மா எதிர்ப்பட்டாள்.

"அக்கா, காஞ்ச மூங்கில் புதர்ப் பக்கமா போறீங்க? அங்க போகாதீங்க. அங்க ஒரு..."

"எனக்குத் தெரியும்டி."

"இல்லக்கா, கோடையில புதுசா வந்த..."

"தெரியும்னு சொல்றேன்ல!"

பொட்டம்மா வாயை மூடிக்கொண்டாள்.

மூங்கில் புதரில் யாருமே இல்லை. அரிசி பொறுக்கி முடித்த பிறகு அந்தப் பக்கம் யாருக்கு வேலை? நடுவில் சருகுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. காற்று அடித்துச் சேர்ந்த குவியல் இல்லை. யாரோ கூட்டிப் பெருக்கி, வட்டமாக அடுக்கி வைத்த குவியல். சிங்காரி கையை உள்ளே விட்டாள்.

சூடு! நல்ல, பதமான, ஈரச்சூடு. சருகு உள்ளே மக்கி மக்கிக் கதகதவென்று இருந்தது.

"அடி சக்கை!" என்றாள் சிங்காரி. கையை இன்னும் ஆழமாக விட்டாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சருகை விலக்கிப் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று கொழுக்கட்டைகள்! ஒன்றா, இரண்டா? ஒரு கூடை நிறையும். எல்லாம் ஒரே அளவு. ஒன்றைத் தொட்டாள். மெத்தென்று இருந்தது. மாவை நன்றாகப் பிசைந்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தாள். மூடிய மடிப்பே தெரியவில்லை.

'இது சுருளன் வேலை' என்று முடிவு கட்டினாள் சிங்காரி. 'மண்ணைத் தோண்டத் தெரிஞ்சவன், இப்படி ரகசியமா ஒரு அடுப்பு வெச்சிருக்கான். எனக்கு ஒரு வார்த்தை சொன்னானா? என்னை மட்டம் தட்டத்தானே இந்த வேலை?'

கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது.

தன் பொதிகளை ஒவ்வொன்றாகச் சருகுக்குள் வைத்தாள். வெந்த கொழுக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கூடைக்கு மாற்றினாள். 'நான் ஒண்ணும் திருடலையே. அதை வெச்சேன், இதை எடுத்தேன். அவன் கொழுக்கட்டைக்கு என் அடை. அதுவும் மூங்கில் அரிசி அடை. அவனுக்குத்தான் லாபம்.' சருகை முன்போலவே மூடிவிட்டுத் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். சிங்காரி அதற்கும் ஒரு படி மேலே போனாள். கொழுக்கட்டைகளைத் தேக்கிலையில் அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு, அதன் நடுவே செம்மண்ணில் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். சுற்றிலும் காட்டுமல்லிச் சரம். ஆறிவிடக்கூடாதே என்று பஞ்சு போன்ற பாசியைப் போர்த்தி விட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் ஓடைக்கரையில் காடே கூடியது. மழை விட்டிருந்தது. ஈர இலைகளில் வெயில் பட்டு மின்னியது. தோரணங்கள் ஆடின, நத்தை ஓடுகள் கிணுகிணுத்தன. குட்டிகள் ஒருவர் மேல் ஒருவர் சேறு பூசி விளையாடின. கொம்பையா உயரத்துக் கிளையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு விரக்கடை ஏறணும். யாரும் வாயில வெச்சுராதீங்க" என்று குரல் கொடுத்தார்.

சிங்காரி தேக்கிலையைக் கொண்டுவந்து பாறைமேல் வைத்துப் பாசிப் போர்வையை விலக்கினாள். எல்லோரும் "ஆ!" என்றார்கள்.

"பலகாரத்துக்கே பொட்டு வெச்சிருக்கியே! யார் யோசனை?" என்று கேட்டது ஒரு கிழ மிளா மான்.

"என் யோசனை" என்றாள் சிங்காரி. பொட்டைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

சுருளன் கிட்டே வந்தான். சிங்காரிக்குத் திக்கென்றது. இப்போது மானத்தை வாங்கப் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மனசாரச் சொன்னான். "இவ்வளவு நேர்த்தியா நான் பார்த்ததே இல்ல, தாயி. மடிப்பே தெரியல. எப்படி மூடினே?"

"அது வந்து... கைப்பக்குவம்ண்ணே."

சொல்லிவிட்டாளே தவிர, சிங்காரிக்கு உள்ளே ஏதோ இடித்தது. இவன் செய்த கொழுக்கட்டை இவனுக்கே தெரியாமல் போகுமா? இவன் செய்யவில்லை என்றால் பிறகு இதை யார் செய்தது?

"பூரணம் என்னக்கா?" என்று கேட்டாள் பொட்டம்மா.

"பலாவும் தேனும்."

"அசையுதே அக்கா."

"காத்துல இலை ஆடுது."

"இலை ஆடல. கொழுக்கட்டைதான் ஆடுது."

எல்லோரும் குனிந்தார்கள். நடுவில் இருந்த கொழுக்கட்டை லேசாகக் குலுங்கியது. மஞ்சள் பொட்டுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. கீறல் வாய் திறந்தது. அதற்குள்ளிருந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு தலை வெளியே வந்து, மெல்லிய நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டது.

"அக்கா, பூரணம் எட்டிப் பார்க்குது" என்றாள் பொட்டம்மா.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இங்கே நடுங்குவதற்குக்கூட யாரும் நிற்கவில்லை. குட்டிகளை வாரிக்கொண்டு எல்லோரும் மரத்துக்கும் மேட்டுக்கும் ஓடினார்கள். சுருளன் பயத்தில் பந்தாகச் சுருண்டான். சுருண்ட வேகத்தில் பாறையிலிருந்து உருண்டு கீழே போய்ப் புல்லில் நின்றான்.

சிங்காரி மட்டும் ஓடவில்லை. ஓட நினைத்தாள். கால் வரவில்லை.

அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கொழுக்கட்டையும் வாய் திறந்தது. கறுப்பு உடம்பில் மஞ்சள் வளையம் போட்ட குட்டி ராஜநாகங்கள். நெளிந்து வந்து, முதன்முதலாகக் கண்ணில் பட்ட முகத்தை அண்ணாந்து பார்த்தன. அது சிங்காரியின் முகம்.

"அம்மா" என்றது ஒன்று.

"அம்மா, அம்மா" என்றன மற்றவை. மழைக் குளிர் அவற்றுக்குத் தாங்கவில்லை. கதகதப்பான இடம் தேடி அவள் கைமேல் ஏறின, தோள்மேல் ஏறின, வெள்ளிப் பிடரிக்குள் புகுந்துகொண்டன. சிங்காரி மூச்சை அடக்கிக்கொண்டு கற்சிலைபோல உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கரையோர நாணல் விலகியது. அதற்குள்ளிருந்து ராஜாத்தி எழுந்தாள். கோடையில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ராஜநாகம் அவள்தான். பொட்டம்மா சொல்ல வந்ததும் அவளைப் பற்றித்தான். படம் விரித்து நின்றபோது உட்கார்ந்திருந்த சிங்காரிக்கு நேருக்கு நேராக முகம் வந்தது. உடம்பு மெலிந்து, தோல் சுருங்கியிருந்தது. வாயில் ஒரு காட்டுமஞ்சள் இலைப்பொதி. அதைப் பாறைமேல் போட்டாள்.

"என் கூட்டுல பிள்ளைங்களை எடுத்துட்டு இதை வெச்சது யாரு?"

சத்தம் போடவில்லை. ஆனால் ஓடைச் சத்தத்தை மீறி எல்லோர் காதிலும் அது விழுந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிங்காரியின் வாய்க்கு 'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தை வந்தது. அதுவும் பொய்யாக. உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, அவள் காதோரம் சுருண்டிருந்த ஒரு குட்டி முணுமுணுத்தது. "அம்மா, குளிருது."

சிங்காரி அந்தப் பொய்யை விழுங்கிவிட்டாள்.

"நான்தான்" என்றாள். "அடுப்புன்னு நினைச்சேன். உள்ள இருந்தது கொழுக்கட்டைன்னு நினைச்சேன். சுருளன் அண்ணன் செஞ்சதுன்னு நினைச்சு எடுத்துட்டு வந்து, நான் செஞ்சேன்னு சொன்னேன். என் வாசல் தோரணம் பொட்டம்மாவோட யோசனை. கோலம் அண்ணனோடது. நத்தை ஓடு மாமாவோடது. பொட்டு மட்டும்தான் என்னோடது."

மரங்களில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"பிள்ளைங்களை எடுத்துக்கங்க. என்னை என்ன பண்ணணுமோ பண்ணுங்க" என்று சிங்காரி மெதுவாக முன்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதே!" என்று ராஜாத்தி சட்டென்று பின்வாங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதுங்களை எனக்குப் பக்கத்துல கொண்டு வராதே."

சிங்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கமாக இருந்தால் "எனக்குத் தெரியும்" என்றிருப்பாள். இன்று கேட்டாள். "ஏன்?"

"சருகு கூட்டிக் கூடு கட்டி முட்டையிட்ட நாள்லேருந்து நான் ஒண்ணும் தின்னல. காவலை விட்டுட்டு இரை தேட முடியாது. எப்பவாவது ஒரு வாய் தண்ணி, அவ்வளவுதான். நேத்து அதுக்குத்தான் போனேன். எங்க குலத்துல முட்டை விரியப் போற நேரம் வந்தா தாய் எழுந்து தூரமா போயிடணும். ஏன்னா எங்க இரையே பாம்புதான். பசியில கண்ணு முன்னால நெளியறது பிள்ளைன்னு தெரியாது. பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சொல்வாங்க, பதினொண்ணாவதா தாய்ப்பாசம் இருந்தா அதுவும் பறந்துரும். எங்கம்மா என் முகத்தைப் பார்த்ததில்ல. அவ அம்மா அவ முகத்தைப் பார்த்ததில்ல."

ராஜாத்தி இந்தப் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தாள். "இன்னிக்குக் கிளம்பலாம்னு எழுந்தேன். போறதுக்கு முன்னால, வாசமாவது பார்த்துட்டுப் போவோம்னு கூட்டுல நாக்கை நீட்டினேன். ஏலக்காய் வாசம் வந்துச்சு. என் பிள்ளைங்க ஏலக்காய் வாசத்தோட பொறக்கப் போறாங்களேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன்."

சிங்காரியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பிடரியில் விழுந்தது. உள்ளே இருந்த குட்டிகள் அதை நக்கிப் பார்த்தன.

"உயிரோட இருக்காங்க. அது போதும்" என்றாள் ராஜாத்தி. "அதுங்களைப் புதருல விட்டுரு. நான் இப்படியே போறேன்."

அவள் நாணலை நோக்கித் திரும்பினாள். அப்போதுதான் சிங்காரியின் பார்வை பாறைமேல் கிடந்த இலைப்பொதியில் விழுந்தது. பொதி பிரிந்திருந்தது. உள்ளே அடை பொன்னிறமாக வெந்திருந்தது. சருகின் சூட்டோடு ஒரு தாயின் உடம்புச் சூடும் சேர்ந்து வேக வைத்த அடை.

"அக்கா, நில்லுங்க!" என்றாள் சிங்காரி. பிறகு மரங்களை அண்ணாந்து பார்த்தாள். "எல்லாரும் கேளுங்க. அந்தக் கூட்டுல இருக்கறது நீங்க பொறுக்கின அரிசி. மறுபடி நம்ம ஆயுசுல கிடைக்காத அரிசி. அது என்னோடது இல்ல, அதனால கேக்கறேன். அதை இந்த அம்மாவுக்குக் குடுக்கட்டுமா?"

சிங்காரி ஒன்றைக் கேட்கிறாள் என்பதே காட்டுக்குப் புதிதாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புல்லில் கிடந்த பந்து மெல்ல விரிந்தது. சுருளன் மூக்கை நீட்டினான்.

"பெருநாளும் அதுவுமா பெத்தவ பட்டினியா போறதா? குடு தாயி."

"குடுங்கக்கா" என்றாள் பொட்டம்மா. "குடு, குடு" என்றன மரங்கள்.

சிங்காரி ராஜாத்தியிடம் திரும்பினாள். "உங்க வீட்டுக்குள்ள கையை விட்டு எடுத்துக்கலாமா?"

"இப்பக் கேக்கறே."

"இப்பத்தான் கத்துக்கிட்டேன்."

குட்டிகளைப் பிடரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாசிப் படுக்கையில் விட்டாள். பொட்டம்மா நடுங்கிக்கொண்டே வந்து போர்த்திவிட்டாள். சிங்காரி ஓடினாள். மேலே கிளையில் தாவிப் போக நேரமில்லை, தரையிலேயே ஓடினாள். குஞ்சம் சேற்றில் புரண்டது. அவள் கவனிக்கவே இல்லை.

கூடை நிறைய அடை வந்தது. ராஜாத்தி முதல் அடையைச் சந்தேகமாகத்தான் விழுங்கினாள். "அரிசியை நான் தின்னதே இல்லையே" என்றாள். இரண்டாவதைக் கொஞ்சம் ஆவலோடு விழுங்கினாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. கூடையின் அடி தெரியத் தொடங்கியபோது வாயை எடுத்தாள். ஒட்டிக் கிடந்த வயிறு உருண்டு திரண்டிருந்தது.

"போதும்" என்றாள். "மிச்சத்தை நீங்க எடுத்துக்கங்க."

பிறகு அசையாமல் கிடந்தாள். தன் பசி உண்மையிலேயே போய்விட்டதா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்க்கிறாள் என்று சிங்காரிக்குப் புரிந்தது. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் ராஜாத்தி மெல்லத் தலையைத் திருப்பினாள். பாசிக்குள்ளிருந்து சின்னச் சின்னத் தலைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் குலத்தில் எந்தத் தாயும் பார்க்காத முகங்களை ராஜாத்தி பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு குட்டியின் நெற்றியில் ஓட்டிலிருந்து மஞ்சள் பொட்டு ஒட்டியிருந்தது. அதை மட்டும் இரண்டாம் தடவையும் பார்த்தாள்.

"இது யாரு?" என்று கேட்டது அந்தக் குட்டி.

"நான்தான் அம்மா."

குட்டி சிங்காரியைத் திரும்பிப் பார்த்தது. "அப்ப இது?"

ராஜாத்தி யோசித்தாள். "அது சித்தி" என்றாள்.

"தொட்டாச்சு! தண்ணி முட்டியைத் தொட்டாச்சு!" என்று மேலே கொம்பையா கத்தினார்.

அப்புறம் என்ன? ஒரே ஆரவாரம்தான். மிச்சமிருந்த அடைகளைப் பிய்த்துப் பிய்த்து எல்லோர் கையிலும் வைத்தார்கள். ஆளுக்கு நகக்கண் அளவுதான் வந்தது. "நகக்கண் அளவுக்கே இப்படி இருக்கே!" என்று கிழ மிளா நாக்கைச் சப்புக்கொட்டியது. குட்டி நாகங்கள் சுருளன் அன்று கரையில் புதிதாக அமுக்கியிருந்த களிமண் கோலத்தின் மேல் நெளிந்து விளையாடின. தாமரை இதழ்களைச் சுற்றி வளைவும் சுழியுமாக ஒரு நெளிகோலம் தானாக விழுந்தது. அப்படி ஒரு கோலத்தைக் காடு அதுவரை கண்டதில்லை.

"அட, இது யார் யோசனை?" என்று கேட்டார் கொம்பையா.

பழக்க தோஷம், சிங்காரி வாயைத் திறந்தாள். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "குட்டிங்க யோசனை மாமா" என்றாள். சுருளன் சிரித்த சிரிப்பில் மறுபடி பந்தாகச் சுருண்டு உருண்டான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ராஜாத்தி சிங்காரியிடம் வந்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா கூட்டுல ஒரு மூலையை நானே ஒதுக்கிக் குடுத்திருப்பேனே" என்றாள்.

"அடுத்த வருஷம் கேக்கறேன் அக்கா" என்றாள் சிங்காரி, சேறு காய்ந்த வாலைத் தரையில் இழுத்துக்கொண்டே.

ஆகவே, அடுத்தவர் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிப் பரிமாறுகிறவருக்கு, அதற்குள் இருக்கும் பூரணம் என்னவென்று ஊரோடு சேர்ந்துதான் தெரியவரும்.